முழு மனதுடன்

1

பத்திரங்களில் வரும் ஒரு சொற்றொடர் பல வருஷங்களாக என்னைத் தொந்தரவு செய்து வருகிறது. 'யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, நல்ல நினைவுடனும் முழு மனதுடனும்' என்பது அது. உயில், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் காகிதங்களில் இது ஏதாவது ஒரு உருவத்தில் இருக்கும். எழுதுகிறவர் யோசித்து எழுதுவதில்லை. வாசித்துக் காட்டுகிறவர் இந்த இடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி வேகமாகத் தாண்டிவிடுவார். கவிதையில் வந்திருந்தால் தேய்ந்துபோன வரி என்று அடித்திருப்பேன். பத்திரத்தில் அடிக்க முடியாது. மற்ற வரிகளெல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன.

மனம் முழுமையாக இருக்க முடியுமா, இருந்தாலும் அதை இன்னொருவர் எப்படித் தெரிந்துகொள்வது என்பதெல்லாம் தத்துவ வகுப்பில் பேச வேண்டியவை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நம் ஊர்களில் தினமும் பகல் பதினொரு மணிக்கு ஏதோ ஒரு வக்கீல் ஆபீஸிலோ பாங்க் மேஜையிலோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, தேதி போட்டு, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். அந்த மேஜைகளில் ஒன்றின் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். இன்னொரு மேஜையின் முன்னாலும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

காவிரிக் கரையில் ஒரு தாலுகா ஊர் எங்களுடையது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு வக்கீல் இருந்தார். தாத்தாவின் குத்தகை வழக்கை அவருடைய அப்பா நடத்தினார். வீட்டின் முன்கட்டுதான் ஆபீஸ். மர அலமாரியில் கேஸ் கட்டுகளைக் குடும்பவாரியாக அடுக்கியிருப்பார். எங்கள் கட்டின் மேல் தாத்தாவின் பெயர்தான் கடைசிவரை இருந்தது. கல்யாணத்துக்கு வருவார், சாவுக்கும் வருவார். பீஸ் இவ்வளவு என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. யாருக்கு எவ்வளவு கடன், எந்தப் பங்காளியோடு பேச்சு இல்லை, எந்தப் பெண்ணுக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் மோசமான மனிதர் இல்லை. நான் சொல்லப் போகும் கதையில் மோசமான மனிதர் என்று யாருமே இல்லை. பிரச்னையே அங்கேதான் தொடங்குகிறது.

அப்பா 2013இல் இறந்தார். உயில் எழுதவில்லை. வீடு அவர் தன் சம்பாத்தியத்தில் கட்டியது. 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நான் மூவருக்கும் அதில் சமபங்கு. தகப்பனின் சுயார்ஜித சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் வித்தியாசம் இல்லை என்பது அந்த வருஷத்திலிருந்தே சட்டம். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில்தான் மகள் 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்துக்கும், 2005இல் நாடு முழுவதற்குமாக வந்த திருத்தத்துக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே எங்கள் விஷயத்தில் சட்டத்தில் குறை எதுவும் இல்லை.

காரியம் முடிந்து ஒரு மாதத்துக்குள் வக்கீல் ஒரு விடுதலைப் பத்திரம் தயார் செய்துவிட்டார். அம்மாவும் அக்காவும் தங்கள் பங்கை என் பேருக்கு விட்டுக்கொடுப்பதாக. அப்படித் தயார் செய்யும்படி அவரிடம் யார் சொன்னார்கள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த முன்கட்டில் அம்மா, அக்கா, அத்தான், சித்தப்பா, நான் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். வக்கீல் வாசித்தார். கல்யாணத்தில் செய்ய வேண்டிய சீர் வரிசைகளெல்லாம் செய்துவிட்டபடியால் என்று ஒரு வரி வந்தது. அன்பினாலும் பாசத்தினாலும் என்று ஒரு வரி வந்தது. பிறகு மேற்படி முழு மனது வந்தது. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சம்மதந்தானேம்மா?" என்று அக்காவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். "அதுக்கென்ன சார்" என்றாள் அக்கா. அவள் பி.எஸ்ஸி. படித்தவள், பள்ளியில் கணக்கு டீச்சர்.

அடுத்த நாள் சார்பதிவாளர் ஆபீஸ். போட்டோ, விரல் ரேகை. எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் கேட்க வேண்டியது அவ்வளவுதான். அந்நியருக்கு விற்றால் ஏழு சதவீத முத்திரைத் தீர்வை. குடும்பத்துக்குள் விட்டுக்கொடுத்தால் ஒரு சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. பாசத்துக்கு அரசாங்கமும் சலுகை தருகிறது.

அந்த வீட்டில்தான் இருக்கிறேன். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

2

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலின் மூன்றாம் பாகத் தொடக்கத்தில் ஒரு உதாரணம் தருகிறார். புயலில் சிக்கிய கப்பல். மூழ்காமலிருக்கச் சரக்கைக் கடலில் எறிகிறார்கள். இது இஷ்டப்பட்டுச் செய்ததா, கட்டாயத்தில் செய்ததா? சும்மா இருக்கும்போது யாரும் தன் சரக்கைக் கடலில் போட மாட்டார்கள். அந்த நேரத்திலோ புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். இரண்டும் கலந்த செயல் என்கிறார் அவர். ஆனாலும் செய்த அந்தக் கணத்தை வைத்துப் பார்த்தால் இஷ்டத்தின் பக்கமே அதிகம் சாய்வதாகவும் சொல்கிறார்.

அக்காவின் கையெழுத்தும் கலந்த செயல்தான் என்று எனக்குப் படுகிறது. தீபாவளிக்கு வந்து போக ஒரு வாசல், பிள்ளைக்குக் காது குத்த ஒரு தாய்மாமன் மடி, புருஷன் வீட்டில் நாளைக்கு ஏதாவது என்றால் வந்து நிற்க ஒரு இடம். இவை மூழ்காமலிருக்க மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிப் போடுவதை அசட்டுத்தனம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு டீச்சர், கணக்குப் போட்டுத்தான் போட்டிருப்பாள்.

ஆனால் அரிஸ்டாட்டிலின் கப்பலில் எறிந்த சரக்கு கடலுக்குப் போகிறது. அதனால் கடலுக்கு ஒரு லாபமும் இல்லை. எங்கள் விஷயத்தில் எறிந்த சரக்கு நேராக என் கைக்கு வந்தது. அவள் மறுத்திருந்தால் எழுந்திருக்கக்கூடிய புயல் என்ன? எங்கள் முகம் சுருங்குவது. அம்மாவின் அழுகை. சித்தப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிவது. அதாவது எதற்குப் பயந்து எறிந்தாளோ அதுவும் நாங்கள்தான், எறிந்ததை எடுத்துக்கொண்டதும் நாங்கள்தான். அப்படியிருக்க, செய்த அந்தக் கணத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்கலாமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அவளை யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியாமல் இருந்ததா? நிச்சயமாகப் புரிந்தது. அவளுக்கே விருப்பம் இருந்திருக்கலாமா? இருந்திருக்கலாம். வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளிலும் அந்தப் பத்திரம் தேறிவிடுகிறது. ஆனால் நான்காவதாக ஒன்று பாக்கி இருக்கிறது. 'இஷ்டமில்லை' என்று சொல்ல அந்த அறையில் இடம் இருந்ததா?

3

இந்த நான்காவது கேள்வி சட்டத்தின் முன் பட்டவர்த்தனமாக வந்து நின்றது இங்கிலாந்தில், அதுவும் ஒரு பாங்கின் வழியாக.

பி.ஏ.வில் ஆங்கிலம் எடுத்தவனுக்குச் சொலிசிட்டர் பழக்கப்பட்ட ஆசாமி. 'மிடில்மார்ச்'சில் கிழவர் ஃபெதர்ஸ்டோனின் சாவுக்குக் காத்து உறவினர்கள் வீட்டை மொய்ப்பதும், காஸாபன் செத்த பின்னும் உயிலில் சேர்த்த ஒரு பிற்சேர்க்கையால் மனைவியின் அடுத்த கல்யாணத்தை மறிக்கப் பார்ப்பதும் அந்தத் தொழிலின் அன்றாடம். கோர்ட்டில் நின்று வாதாடுவது பெரும்பாலும் பாரிஸ்டர் வேலை. சொலிசிட்டர் தன் ஊர்க் கடைத்தெருவில் ஆபீஸ் போட்டு வீடு வாங்க, விற்க, உயில் எழுத, செத்தவர் சொத்தைப் பைசல் செய்ய, விவாகரத்துக்கு, எல்லாவற்றுக்கும் குடும்பங்களுக்கு வேண்டியவராக இருப்பார். இந்தியாவில் பம்பாய், கல்கத்தா ஹைகோர்ட்டுகளில் இருந்துவந்த இந்த இரட்டை முறை 1976 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. நம் தாலுகா வக்கீலோ எப்போதுமே இரண்டும் சேர்ந்தவர். ஆனால் குடும்பத்தோடு அவருக்கு உள்ள உறவு சொலிசிட்டரின் உறவுதான்.

பார்க்ளேஸ் பாங்க் எதிர் ஓ'ப்ரையன் என்ற வழக்கில் பிரபுக்கள் சபை 1993இல் தீர்ப்புச் சொன்னது. அப்போது அங்கே அதுதான் கடைசிக் கோர்ட். 2009இல்தான் அந்த வேலை தனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. கணவருக்குப் பங்கிருந்த ஒரு கம்பெனிக்காகப் பாங்கில் ஓவர்டிராப்ட். இருவர் பேரிலும் இருந்த வீடு அடமானம். வரம்பு 1,35,000 பவுன். மனைவியிடம் கணவர் சொல்லியிருந்தது 60,000, அதுவும் மூன்று வாரத்துக்கு மட்டும். இருவருக்கும் விவரம் முழுதாகத் தெரிவிக்கப்பட வேண்டும், சந்தேகம் இருந்தால் சொலிசிட்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு எழுதியும் இருந்தார்கள். அங்கே அதைச் செய்யவில்லை. காகிதங்கள் வந்தன, வாசிக்காமலே கையெழுத்தாகின. மனைவியைப் பொறுத்தவரை அடமானம் செல்லாது என்று சபை தீர்த்தது.

அந்தக் கிளையில் மேஜைக்குப் பின்னால் இருந்தது யாராக இருந்தாலும் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பாத்திரக் கடைக்காரர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் ஜாமீன். வீடு அவள் பேரில், அவள் தாய் கொடுத்தது. பாரங்கள் தடிமனாக இருந்தன. "எங்க போடணும் தம்பி?" என்று கேட்டாள். அன்று அவள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். நான் இடத்தைக் காட்டினேன். கடன் வாராக் கடனாயிற்று. 2002ஆம் வருஷச் சட்டம் வந்த பிறகு பாங்க் இப்படிப்பட்ட வீட்டை எடுக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, அறுபது நாள் நோட்டீஸ் அனுப்பிவிட்டு நடவடிக்கை எடுக்கலாம். அந்த நோட்டீஸில் அவள் பெயரும் விலாசமும் சரிதானா என்று ஒத்துப் பார்த்தது நான்.

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் வெம்மிக் என்றொரு வக்கீல் குமாஸ்தா வருவார். ஆபீஸில் கல் மாதிரி இருப்பார். வீட்டைச் சின்னக் கோட்டை மாதிரி கட்டி, அகழிக்குப் பாலம் போட்டு, காது கேளாத கிழத் தகப்பனை அங்கே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். ஆபீஸில் ஒரு அபிப்பிராயம், வீட்டில் ஒரு அபிப்பிராயம், ஒன்றை மற்றதில் கலக்க மாட்டார். கல்லூரியில் படித்தபோது சிரித்தேன். இப்போது சாயங்காலங்களில் யாரோ ஒரு கவிஞனிடம் 'இந்தச் சொல்லை நீ உண்மையிலேயே உணர்ந்துதான் போட்டாயா' என்று கேட்டு விமர்சனம் எழுதுகிறேன். காலையில் பெருக்கல் குறி போடுகிறேன்.

ஓ'ப்ரையனுக்குப் பிறகு இங்கிலாந்தில் பாங்குகள் ஜாக்கிரதையாகின. மனைவியை ஒரு சொலிசிட்டரிடம் அனுப்பி 'விளக்கிச் சொன்னேன்' என்று ஒரு தாள் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டன. அந்தத் தாள் இருந்தும் வீடுகள் போயின, வழக்குகள் வந்தன. எட்டு மேல்முறையீடுகளைச் சேர்த்து விசாரித்து 2001இல் எட்ரிட்ஜ் வழக்கு என்ற பெயரில் பிரபுக்கள் சபை இன்னொரு தீர்ப்புத் தந்தது. சின்ன ஊர்ச் சொலிசிட்டர் தன் அறையில் என்ன செய்ய வேண்டும் என்று நிகோல்ஸ் பிரபு அதில் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மனைவியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அப்போது கணவர் அங்கே இருக்கக் கூடாது. சட்டப் பாஷை தவிர்த்து, காகிதம் என்ன, அதனால் என்ன நேரலாம், எவ்வளவு போகலாம் என்று சொல்ல வேண்டும். தீர்மானம் அவளுடையது, வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பதைத் தெரியப்படுத்த வேண்டும். பிறகு, மேலே போகலாமா என்று கேட்க வேண்டும்.

தீர்ப்பின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே சொலிசிட்டர் கணவருக்கும் வேலை செய்பவராக இருக்கலாம், தவறில்லை என்கிறது. அவள் செய்வது புத்திசாலித்தனம் இல்லை என்று அவர் நினைத்தாலும் தடுப்பது அவர் வேலை இல்லை. கண்கூடான அநியாயம் என்றால்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவர் தாள் கொடுத்துவிட்டால் பாங்க் பெரும்பாலும் தப்பித்தது. சிறு தொழில்களுக்கு வீட்டின் மேல் வாங்கும் கடன்தான் பெரிய முதல், அதை அடைத்துவிடக் கூடாது என்ற கவலையும் தீர்ப்பில் இருக்கிறது. நியாயமான கவலைதான். ஆனாலும் பாங்க்காரனாகப் படிக்கும்போது எனக்குத் தெரிகிறது: அந்த அறையில் அவளுக்குக் கிடைப்பது கால் மணி நேரம், பாங்குக்குக் கிடைப்பது ஒரு தாள். கால் மணி நேரம் முடிந்துவிடும். தாள் கோப்பில் இருக்கும்.

இருந்தும் அந்தக் கால் மணியை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. கணவர் இருக்கக் கூடாது என்ற அந்த ஒரு நிபந்தனையில், புரிந்ததா என்ற கேள்வியைத் தாண்டிச் சட்டம் முதல்தடவையாக நான்காவது கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது.

4

நம் நாட்டுக்கு இது புதிதில்லை. 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒருவர் மனத்தை ஆளும் நிலையில் இன்னொருவர் இருந்துகொண்டு அதை வைத்து நியாயமில்லாத ஆதாயம் அடைவதைப் பற்றிப் பேசுகிறது. சுதந்திரத்துக்கு முன் இங்கிருந்து மேல்முறையீடுகள் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயின. கோஷாப் பெண்கள் எழுதிக் கொடுத்த பத்திரங்களைப் பற்றி அங்கே ஒரு கொள்கை வலுப்பட்டது: ஆதாயம் அடைந்தவர்தான், அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்லப்பட்டது, அவள் புரிந்து எழுதினாள் என்று நிரூபிக்க வேண்டும். பிற்பாடு சில வழக்குகளில் இது எழுத்தறியாத பெண்களுக்கும் நீண்டது.

நல்ல கொள்கை. ஆனால் இது திரையைப் பார்க்கிறது, கைநாட்டைப் பார்க்கிறது. அக்காவுக்கு முன்னால் திரை இல்லை, கையெழுத்தும் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். படித்தவள், சம்பாதிக்கிறவள் என்பதாலேயே அவளைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எந்தப் படிப்பு அவளுக்குப் பங்கின் மதிப்பைக் கணக்கிடக் கற்றுத் தந்ததோ, அதுவே அவள் முழு மனதுக்கு அத்தாட்சியாகவும் ஆகிவிட்டது.

இங்கே குடும்ப வக்கீலின் ஸ்தானத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1916இல் லூயி பிராண்டைஸை சுப்ரீம் கோர்ட்டுக்கு நியமித்தபோது செனட் விசாரணையில் அவர்மேல் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று இது: கடனில் மூழ்கிய ஒரு தோல் வியாபாரக் குடும்பம் அவரிடம் வந்தது, தங்களுக்கு வக்கீலாக இருப்பார் என்று நம்பியது, யாருக்கு வக்கீல் என்று கேட்டபோது அவர் தான் அந்த நிலைமைக்கு வக்கீல் என்ற மாதிரி பதில் சொன்னார். பிராண்டைஸ் நியமனம் உறுதியாயிற்று. அந்தப் பதிலைப் பற்றிய விவாதம் அங்கே வக்கீல்களிடையே தொடர்ந்தது.

எங்கள் வக்கீலிடம் யாராவது கேட்டிருந்தால் அவரும் அதையேதான் சொல்லியிருப்பார். அவர் என் வக்கீல் இல்லை, அம்மாவின் வக்கீல் இல்லை, குடும்பத்தின் வக்கீல். அதில் உண்மை இருக்கிறது. நூறு சண்டைகளை வாசலிலேயே தீர்த்து அனுப்பியவர். ஆனால் குடும்பம் என்பது ஒரு நாற்காலியில் வந்து உட்கார்ந்து தன் கட்சியைச் சொல்லக்கூடிய ஆசாமி இல்லை. அதன் சார்பில் யாராவது பேச வேண்டியிருக்கிறது. யார் பேரில் வீடு நிற்கப்போகிறதோ அவருடைய சௌகரியம் குடும்பத்தின் நன்மை என்ற பெயரில் பேசப்படுகிறது. நான் வாயைத் திறக்காமலே என் கட்சி அங்கே சொல்லப்பட்டது. தன் கட்சியைத் தானே சொல்ல வேண்டியிருந்தவள் அக்கா ஒருத்திதான்.

5

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். இந்தப் பக்கங்களில் கவிதை எழுதுகிறவர். அவர் கோபப்பட்டார். "அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லாரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் பார்க்கிறீர்கள். அங்கே உட்கார்ந்த மாத்திரத்தில் அவர்கள் வாதி பிரதிவாதி ஆகிவிடுகிறார்கள். கணக்குப் பார்க்காமல் கொடுப்பது என்று நம்மிடம் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் வெள்ளைக்காரன் தீர்ப்பை வைத்து அழிக்காதீர்கள்" என்றார்.

அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தனியறையில் உட்காரவைத்தால் அக்காவின் 'உண்மையான' மனம் வெளிவந்துவிடும் என்று நான் நம்பவில்லை. நாங்கள் ஐந்து பேரும் அவள் தலைக்குள் கூடவே போயிருப்போம். எந்த உறவும் ஒட்டாத சுத்த சுயேச்சை என்று ஒரு மனம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு மனம் இருந்தால் அது யாருக்கும் எதையும் கொடுக்காது.

மற்ற பாதிதான் எனக்கு ஒப்பவில்லை. கொடுப்பது பெரிய விஷயம் என்றால், கொடுக்காமலும் இருந்திருக்கலாம் என்பதால்தான் அது பெரிதாகிறது. கொடுக்காமலிருக்க வழியில்லாமல் கொடுப்பதற்கு நம் மொழியில் வேறு சொற்கள் இருக்கின்றன: வரி, கப்பம். பாசத்தால் கொடுத்தாள் என்றால் அந்தப் பாசம் கால் மணி நேரத் தனிமையைத் தாங்கும். வெளியே வந்து அதே கையெழுத்தைப் போடுவாள். அப்போது 'முழு மனதுடன்' என்ற வரிக்கு ஓரளவு அர்த்தம் வரும். தனிமையைத் தாங்காது என்று நாம் பயப்பட்டால், அது என்ன பாசம் என்று நமக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இன்னொன்றும் நண்பரிடம் சொன்னேன். நம் கதைகளில் விட்டுக்கொடுக்கும் அக்காக்கள் எத்தனை பேர்! வாசகனின் கண் கலங்க அவர்களைப் போல் உதவியவர்கள் வேறு யாரும் இல்லை. தியாகம் என்ற சொல்லை நாம் கைதட்டலாகப் பயன்படுத்துகிறோம். தட்டிய கைகளின் சத்தத்தில் அவள் வேறு ஏதாவது சொல்ல வந்தாளா என்று கேட்காமல் போகிறது. எங்கள் வக்கீல் வாசித்த அந்த அன்பினாலும் பாசத்தினாலும் என்ற வரியை அவர் எங்கிருந்தோ கண்டுபிடிக்கவில்லை. அதைக் காலங்காலமாக எழுதிக் கொடுத்ததில் நம் எழுத்தாளர்களுக்கும் பங்கு இருக்கிறது. நண்பர் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைக்கு மறுப்பு எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

6

பாங்கில் இப்போது ஒரு சின்ன வேலை செய்கிறேன். ஜாமீன் போட மனைவியோ தாயோ வந்திருந்தால், உடன் வந்தவரிடம் ஏதாவது ஒரு தாளைக் கொடுத்து, எதிர்க் கடையில் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்வேன். போய் வரப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் தொகையைச் சொல்வேன், திருப்பிக் கட்டாவிட்டால் எது போகும் என்று சொல்வேன், போடாமலும் இருக்கலாம் என்று சொல்வேன். அநேகமாக எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு அம்மாள் "நாளைக்கு வரேன்" என்று எழுந்து போனார். மறுநாள் வந்து போட்டார். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. சட்டம் எனக்கு இதைக் கட்டளையிடவும் இல்லை. மானேஜருக்குத் தெரிந்தால் ஜெராக்ஸ் மெஷின் உள்ளேயே இருக்கிறதே என்பார்.

போன வருஷம் அக்கா வந்திருந்தபோது கேட்டுவிட்டேன். சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். "அன்னிக்கு அந்தப் பத்திரத்துல உனக்கு இஷ்டம் இருந்துதாக்கா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "பன்னெண்டு வருஷம் கழிச்சு கேக்குற. அதுவும் இந்த வீட்டுல உக்காந்துகிட்டு, நீயே கேக்குற. நான் என்னடா சொல்றது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. கீரையை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரி. எட்ரிட்ஜ் தீர்ப்பில் வெளியே போகச் சொன்ன ஆள் நான்தான். அந்த ஆளே உள்ளே உட்கார்ந்துகொண்டு, தனியாகத்தானே கேட்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். பங்கைத் திருப்பி எழுதித் தருகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் "அதெல்லாம் எதுக்குடா" என்று அவள் சொல்ல வேண்டிய இன்னொரு கேள்வியாகத்தான் அது ஆகியிருக்கும். அவள் சொல்வாள், நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

அதனால் ஒன்று செய்தேன். பக்கத்து ஜில்லாவில், எங்கள் குடும்பத்தில் யாரையும் தெரியாத ஒரு பெண் வக்கீலின் விலாசத்தை விசாரித்து, ஒரு தாளில் எழுதி, பத்திரத்தின் நகலோடு சேர்த்து அக்காவிடம் கொடுத்தேன். தனியாகப் போ, அத்தானையும் கூட்டிக்கொண்டு போகாதே, அவர் என்ன எழுதி அனுப்பினாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பீஸ் நான் கட்டுகிறேன் என்று சொல்ல நினைத்து, கட்டினால் அவர் என் வக்கீலாகிவிடுவாரே என்று விட்டுவிட்டேன். அவள் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

போனாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.